‘சோனிக் டைட்டன்’ எப்போது புதுப்பாட்டு ஆனது? (ஏப்ரல் 2018 ஸ்டோனர், டூம் ஓட்டெடுப்பு)

பாறைமுழக்கம்:
பக்கத்து இழையில் புகைமண்டலம் எழுதியிருப்பதைப் படித்தேன். ஏப்ரல் 20ஆம் தேதியோடு போட்டி முடிந்துவிட்டதாம், ஸ்லீப்பின் ‘தி சயின்ஸஸ்’ வந்தாயிற்றாம், மற்ற குழுக்கள் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகலாமாம். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. நாம் மாதாமாதம் நடத்துவது என்ன ஓட்டெடுப்பு? ஸ்டோனர், டூம் என்கிற மெதுவான, கனமான மெட்டல் இசையில் அந்த மாதத்தின் சிறந்த புது ஆல்பம். புது. அந்த ஆல்பத்தில் ஆறு பாட்டு, மூன்றாவது பாட்டு ‘சோனிக் டைட்டன்’. 2003இல் டீ பீ ரெக்கார்ட்ஸ் ஸ்லீப்பின் ‘டோப்ஸ்மோக்கர்’ ஆல்பத்தை வெளியிட்டபோது, அந்த ஒரு மணி நேரப் பாட்டு முடிந்ததும் கடைசியில் மேடைப் பதிவாக ஒட்டிக் கொடுத்தார்களே, அதே ‘சோனிக் டைட்டன்’. அந்த சிடி என் அலமாரியில் இருக்கிறது. என் சித்தி மகன் சான் ஹோசேயிலிருந்து கொண்டு வந்து கொடுத்தது, ஸ்லீப்பின் சொந்த ஊரும் அதுதான். பதினைந்து வருடமாகக் கேட்ட பாட்டை ‘புதுசு’ என்று என்னிடமே விற்கிறார்கள். அமெரிக்காவில் 4/20 என்றால் கஞ்சா நாள், தேதி பார்த்துத்தான் வெளியிட்டார்கள். நம் ஊரில் 420 என்றால் எந்தப் பிரிவு என்று எல்லோருக்கும் தெரியும்.

புகைமண்டலம்:
வந்துவிட்டார் வக்கீல். ஸ்லீப் கடைசியாக ஸ்டுடியோவில் உட்கார்ந்து முழு ஆல்பம் பதிவு செய்தது தொண்ணூறுகளில். அந்த ஒரு மணி நேரப் பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது லண்டன் ரெக்கார்ட்ஸ் இதை எப்படி விற்பது என்று வெளியிட மறுத்து, குழுவே உடைந்து, கிடாரிஸ்ட் மேட் பைக் ‘ஹை ஆன் ஃபயர்’ குழுவை ஆரம்பித்து, பாடிக்கொண்டே பேஸ் வாசித்த அல் சிஸ்னெரோஸ் ‘ஓம்’ குழுவை ஆரம்பித்து, 2009இல் மறுபடி மேடையில் சேர்ந்து, அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் காக்க வைத்து, 19ஆம் தேதி அறிவித்து 20ஆம் தேதி கையில் கொடுக்கிறார்கள். இப்படி ஒரு நாளுக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் தெரியுமா? நீங்கள் என்னடா என்றால் அலமாரியில் சிடி இருக்கிறது, பீரோவில் பத்திரம் இருக்கிறது என்று.

பாறைமுழக்கம்:
காத்திருந்தது உன் சொந்த விஷயம். கேள்விக்கு வா. 2003. ஆமாவா இல்லையா?

நீலாம்பரி:
ஏப்ரலில் வேறு ஆல்பமே வரவில்லையா? 6ஆம் தேதி இத்தாலியிலிருந்து மெஸ்ஸா குழுவின் ‘ஃபீஸ்ட் ஃபார் வாட்டர்’ வந்தது. இரண்டாவது ஆல்பம்தான், முதல் ஆல்பம் ‘பெல்ஃப்ரி’ 2016இல் வந்தது. தங்கள் இசையை ‘ஸ்கார்லெட் டூம்’ என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள், அந்தப் பெயர் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது, போகட்டும். ஆனால் பாடகி சாரா அந்தக் குரலை அடக்கி வைத்திருந்து ‘லியா’ பாட்டில் திறந்து விடுகிற இடத்தைக் கேளுங்கள். நடுவே ரோட்ஸ் பியானோ வரும், ராத்திரி மழை விட்ட பிறகு ஓட்டுக் கூரையிலிருந்து சொட்டுகிற மாதிரி. ‘துளசி’ என்று ஒரு பாட்டு, கடைசியில் சாக்ஸஃபோன். டூம் ஆல்பத்தில் சாக்ஸஃபோனை இப்படிப் பொருத்தமாக வைத்து நான் கேட்டதில்லை.

புகைமண்டலம்:
சாக்ஸஃபோன் வேண்டும் என்றால் கத்ரி கோபால்நாத் கேட்டுக்கொள்ளுங்கள் மேடம். ‘துளசி’ என்று பாட்டு வைப்பவர்கள் பெருமாள் கோவிலில் வாசிக்கட்டும். எங்கள் மூலிகை வேறு.

நீலாம்பரி:
உங்கள் மூலிகை வேறு என்பது நீங்கள் எழுதுவதிலேயே தெரிகிறது.

ஃபஸ் பெடல்:
பாறை அண்ணே, 2003இல் வந்தது மேடைப் பதிவு. டிரம்ஸ் கிறிஸ் ஹேக்கியஸ். இப்போது டிரம்ஸ் நியூரோசிஸ் குழுவின் ஜேசன் ரோடர். அடியே வேறு. ஹேக்கியஸ் தாளத்துக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அடிப்பவர், ரோடர் தரையில் ஆணி இறக்குவது போல அடிப்பவர். ஸ்டுடியோவில் முதல் முறையாக இப்போதுதான் பதிவு செய்திருக்கிறார்கள். என் கணக்கில் இது புதுப்பதிவு.

பாறைமுழக்கம்:
மிருதங்கக்காரர் மாறினால் கீர்த்தனை மாறிவிடுமா?

ஃபஸ் பெடல்:
மாறும். கச்சேரிக்குப் போய் உட்கார்ந்து கேட்டவனுக்குத் தெரியும்.

பாறைமுழக்கம்:
கச்சேரி மாறும். கீர்த்தனை 2003.

சும்மா வந்தேன்:
வணக்கம். நான் இதற்குப் புதிது. ஸ்டோனருக்கும் டூமுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது சொல்ல முடியுமா? இரண்டும் மெதுவாகத்தான் இருக்கிறது.

பெங்களூர் பேஸ்:
பாறை சொல்கிற கணக்குப்படி பார்த்தால் 1970இல் பிளாக் சபாத்தின் ‘பேரனாய்ட்’ ஆல்பமும் புது ஆல்பம் இல்லை. ‘வார் பிக்ஸ்’ பாட்டை அதற்கு முன்பே ‘வால்பர்கிஸ்’ என்ற பெயரில் வேறு வரிகளோடு மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். செப்டம்பரில் ஆல்பம் வருவதற்குள் ஊரில் பாதிப் பேர் கேட்டாயிற்று. அப்புறம் என்ன, சபாத் கிடாரிஸ்ட் அயோமி மேலும் 420 கேஸ் போடுவீர்களா?

பாறைமுழக்கம்:
வாசிப்பது வேறு, விற்பது வேறு. ‘வால்பர்கிஸ்’ பாட்டை 1970க்கு முன் காசு வாங்கிக்கொண்டு கடையில் விற்றார்களா? ‘சோனிக் டைட்டன்’ கடையில் விற்ற பாட்டு. நான் காசு கொடுத்த பாட்டு. சரி, சித்தி மகன் கொடுத்த காசு. அது முக்கியமில்லை. 2003.

பெங்களூர் பேஸ்:
‘மன்றம் வந்த தென்றலுக்கு’ 1986. அதே மெட்டை இருபத்தோரு வருடம் கழித்து ‘சீனி கம்’ இந்திப் படத்துக்கு ராஜா திருப்பிப் போட்டார். கடையில் அதைப் புது ஆல்பம் என்றுதான் வாங்கினோம்.

பாறைமுழக்கம்:
ராஜாவை இதில் இழுக்காதே. சொல்லிவிட்டேன்.

புகைமண்டலம்:
ஏன் இழுக்கக் கூடாது? ராஜா செய்தால் மறுபிறவி, மேட் பைக் செய்தால் மோசடியா?

ரகுமான்தாசன்:
ராஜா பெயர் வந்ததால் கேட்கிறேன், பழைய மெட்டைத் திருப்பிப் போடுவதில் யார் முதலில்

பாறைமுழக்கம்:
நீங்கள் யார்? இது டூம் இழை. வெளியே போங்கள்.

ஃபஸ் பெடல்:
கிளம்பிவிட்டது. இன்னும் பத்துப் பதிவில் 1992க்குப் போய்விடுவோம். மட்டுறுத்துநர் எங்கே?

மட்டுறுத்துநர்:
சினிமாவைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டெடுப்பு 30ஆம் தேதி இரவோடு முடியும். அந்த மாதம் வெளியான புது ஆல்பங்கள் மட்டும்.

பாறைமுழக்கம்:
பார்த்தீர்களா? ‘புது’.

புகைமண்டலம்:
பார்த்தீர்களா? ‘அந்த மாதம் வெளியான’.

மட்டுறுத்துநர்:
நான் எதுவும் சொல்லவில்லை. எனக்கு ஆபீஸ் இருக்கிறது.

புகைமண்டலம்:
உண்மைக் காரணத்தை நான் சொல்கிறேன். போன டிசம்பர் வருடக் கடைசி ஓட்டெடுப்பில் பாறையின் செல்லப்பிள்ளை பெல் விட்ச் குழுவின் ‘மிரர் ரீப்பர்’ தோற்றது. 83 நிமிடம், ஒரே பாட்டு, கிடாரே கிடையாது. ஆஸ்பத்திரி வராண்டாவில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்று அன்றைக்கு எழுதினேன். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இந்த 2003 நாடகம்.

பாறைமுழக்கம்:
அந்த ஆல்பம் அவர்களுடைய பழைய டிரம்மர் அட்ரியன் குவெர்ரா 2016இல் இறந்ததற்குச் செய்த அஞ்சலி. நடுவில் வருவது இறந்துபோன மனிதனின் குரல், முன்பு பதிவாகி மிச்சமிருந்தது. அதைக் கேட்டு உனக்கு டோக்கன் ஞாபகம் வந்தது என்றால் ஆல்பத்தின் மேல் தப்பில்லை. அதை நீ எதில் கேட்டாய் என்று நீயே அப்போது எழுதியிருந்தாய். ஆபீஸ் பஸ்ஸில், ஜன்னல் சீட்டில், முந்நூறு ரூபாய் இயர்ஃபோனில். பேஸ் கிடாரை மட்டும் நம்பி நிற்கிற ஆல்பத்தைப் பேஸ் கேட்காத சாமானில் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுகிற ஆள் நீ. என் வீட்டில் தரையில் நிற்கும் ஸ்பீக்கர். அன்றைக்குக் கீழ்வீட்டு மாமி மாடிக்கு வந்து பம்ப் ஏதாவது ரிப்பேரா என்று கேட்டார். அப்படிக் கேட்க வேண்டிய ஆல்பம் அது.

நீலாம்பரி:
இறந்தவரின் பழைய பதிவை எடுத்துப் புது ஆல்பத்தில் வைத்தார்கள். அது புது ஆல்பம்தான் என்று டிசம்பரில் ஓட்டுப் போட்டீர்கள். இப்போது?

பாறைமுழக்கம்:
அது எங்கேயும் வெளியாகாத பதிவு. வெளியாகாத. ‘சோனிக் டைட்டன்’ வெளியானது. எந்த வருடம் என்று இன்னொரு முறை சொல்லட்டுமா?

நீலாம்பரி:
வேண்டாம்.

பாறைமுழக்கம்:
2003.

ஃபஸ் பெடல்:
சரி, வேறு பக்கம் போவோம். ‘தி சயின்ஸஸ்’ஸின் கிடார் சத்தத்தைப் பற்றி யாராவது பேசினீர்களா? ‘மரிஹுவானாட்ஸ் தீம்’ ஆரம்பத்தில் குமிழி விடுகிற சத்தம் முடிந்து ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் மெட்டு) இறங்குகிற இடத்தில் என் ஆம்ப்பின் மேல் வைத்திருந்த டீ டம்ளர் நகர்ந்து கீழே விழுந்தது. தந்தியைத் தளர்த்திச் சுருதியை இறக்கினால் மட்டும் இது வராது. அயோமி பதினேழு வயதில் தகரப் பட்டறையில் இரண்டு விரல் நுனியை இழந்து, பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து போட்டுக்கொண்டு வாசித்தார். 1971இல் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’க்குச் சுருதியை மூன்று அரைச் சுரம் இறக்கினார். இழுவிசை குறைந்தால் விரலுக்கு வலி குறைவு. இந்த மொத்த இசை வகையும் ஒரு வேலைக்காயத்திலிருந்து பிறந்தது. பைக் அதை வாங்கி, சட்டை போடாமல் நின்றுகொண்டு,

பெங்களூர் பேஸ்:
சுருதியை இறக்கியது விரல் வலிக்காக மட்டும் இல்லை. கனமான சத்தம் வேண்டும் என்றுதான்.

ஃபஸ் பெடல்:
இரண்டும்தான் என்று நான் சொல்ல வருவதற்குள்

பெங்களூர் பேஸ்:
நீங்கள் சொல்லவில்லை. எழுதியதைத் திரும்பப் படியுங்கள்.

ஃபஸ் பெடல்:
நீங்கள் பேஸ் வாசிப்பவர்தானே? நாலு தந்தி. ஆறு தந்திக்காரன் பேசும்போது கொஞ்சம் கேட்டால் என்ன?

பெங்களூர் பேஸ்:
ஸ்லீப்பில் பாடுவதும் பேஸ் வாசிப்பதும் ஒரே ஆள். ‘கீஸா பட்லர்’ என்று பாட்டுக்குப் பெயர் வைத்தது சபாத்தின் பேஸ் கலைஞர் கீஸர் பட்லரை வைத்து, எகிப்து கீஸாவையும் சேர்த்துக் குழைத்து. ‘அயோமி’ என்று ஒரு பாட்டும் அதில் இல்லை. நாலு தந்திக்கு மரியாதை தெரிந்தவர்கள் எடுத்த ஆல்பம். எங்கள் ஊர் ‘பேவார் சீ’ குழுவின் பேஸைக் கேட்டிருந்தால் நீங்கள் இப்படிப் பேச மாட்டீர்கள்.

புகைமண்டலம்:
பெயரே கன்னடத் திட்டு. அதற்காகவே அவர்களைப் பிடிக்கும்.

சும்மா வந்தேன்:
மன்னிக்கவும், மறுபடி கேட்கிறேன். ஸ்டோனர் என்றால் என்ன, டூம் என்றால் என்ன? ஓட்டுப் போட இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி இருக்கிறதா?

பாறைமுழக்கம்:
தம்பி, முதலில் ‘புது’ என்றால் என்ன என்று இவர்களைக் கேள். அதற்குப் பதில் வந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

நீலாம்பரி:
நான் சொல்கிறேன் தம்பி. மெஸ்ஸா கேளுங்கள். எந்தப் பெட்டி என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புகைமண்டலம்:
நீலாம்பரி என்று தாலாட்டு ராகத்தின் பெயரை வைத்துக்கொண்டு ஸ்லீப்பை எதிர்க்கிறீர்களே மேடம், நியாயமா?

நீலாம்பரி:
நான் எதிர்க்கவே இல்லை. ‘தி சயின்ஸஸ்’ நான்கு முறை கேட்டேன். ‘அன்டார்க்டிகன்ஸ் தாட்’ எனக்குப் பிடித்திருக்கிறது, அந்த நடையில் உண்மையாகவே பனிப்பாறை நகர்கிறது. ஆனால் முதல் மூன்று நிமிடம் வெறும் ஃபீட்பேக் இரைச்சல், அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். மெஸ்ஸாவில் முதல் பாட்டு ‘நௌனெட்’ அதே வேலையைத்தான் செய்கிறது, கதவைத் திறந்து வைக்கிற வேலை. அதைப் பற்றி ஒருவர் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களா? பெண் குரல் வந்தாலே ‘நன்றாக இருக்கிறது, ஆனால்’ என்று இழுப்பதை இங்கே மூன்று வருடமாகப் பார்க்கிறேன்.

புகைமண்டலம்:
யார் இழுத்தது? நான் பெண் பாடுகிற வின்ட்ஹேண்ட் குழுவின் ரசிகன்.

நீலாம்பரி:
2016இல் ‘பெல்ஃப்ரி’ வந்தபோது ‘நன்றாக இருக்கிறது, ஆனால்’ என்று நீங்கள் எழுதிய பதிவைச் சேமித்து வைத்திருக்கிறேன். ஒட்டவா?

புகைமண்டலம்:
இங்கே எல்லோருக்கும் அலமாரி இருக்கிறது போல.

பாறைமுழக்கம்:
‘அன்டார்க்டிகன்ஸ் தாட்’ என்றதும் நினைவு வந்தது. நல்லவேளை எடுத்துக் கொடுத்தீர்கள் மேடம். அதுவும் பழசுதான். மறுபடி சேர்ந்ததிலிருந்து மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆக ஆறில் இரண்டு பழசு. முதல் பாட்டு இரைச்சல் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கடைசிப் பாட்டு ‘தி பொட்டானிஸ்ட்’டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. மிச்சம் இரண்டு. இரண்டு பாட்டுக்கு ஆல்பம் என்று பெயரா?

ஃபஸ் பெடல்:
வாத்திய இசை பாட்டில்லையா? இது எப்போதிலிருந்து? தவிர, மேடையில் வாசித்தது கணக்கில் வராது, விற்றால்தான் கணக்கு என்று ‘வார் பிக்ஸ்’ வந்தபோது சொன்னது நீங்கள்தானே அண்ணே?

பாறைமுழக்கம்:
அது வேறு.

ஃபஸ் பெடல்:
எப்படி வேறு?

பாறைமுழக்கம்:
அவர்கள் அதே வருடம் ஆல்பத்தில் கொடுத்துவிட்டார்கள். இவர்கள் பதினைந்து வருடம் ஊறப்போட்டார்கள். மாவு ஒரு ராத்திரி புளித்தால் இட்லி, பதினைந்து வருடம் புளித்தால்?

புகைமண்டலம்:
ஒயின்.

பாறைமுழக்கம்:
பதில் சொல்லத் தெரியாவிட்டால் ஜோக். 2014இல் ‘தி கிளாரிட்டி’ என்று ஒரு தனிப்பாட்டு விட்டார்களே, அதையாவது இதில் சேர்த்தார்களா? இல்லை. நாலு வருடப் பாட்டை வெளியே வைத்துவிட்டுப் பதினைந்து வருடப் பாட்டை உள்ளே வைத்திருக்கிறார்கள். ஏன்? தீர்ந்துபோய்விட்டது, சரக்கு இல்லை. உண்மையைச் சொல்கிறேன், நானும் ரசிகன்தான். 1992இன் ‘ஹோலி மவுன்டன்’ எனக்கு மனப்பாடம். முதல் ஆல்பத்தில் வாசித்த இன்னொரு கிடாரிஸ்ட் ஜஸ்டின் மார்லர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிறிஸ்துவத் துறவியாகப் போனார், அந்தக் கதையெல்லாம் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்ததால்தான் கோபம் வருகிறது. வேறு எந்தக் குழுவாவது இப்படிச் செய்திருந்தால் நீங்களே கிழித்துத் தோரணம் கட்டியிருப்பீர்கள். ஸ்லீப் என்றதும், ராக் பாடகர் ஜாக் வைட்டின் தேர்ட் மேன் கம்பெனி வெளியிட்டது என்றதும், எல்லோரும் சாஷ்டாங்கமாக விழுகிறீர்கள்.

பெங்களூர் பேஸ்:
ஒரு சந்தேகம். அந்த 2003 சிடி உண்மையாகவே இருக்கிறதா? பின்பக்கம் படம் போடுங்களேன்.

பாறைமுழக்கம்:
என்னை நம்பவில்லையா?

பெங்களூர் பேஸ்:
நம்புகிறேன். படம் கேட்கிறேன்.

புகைமண்டலம்:
படம் படம் படம்.

பாறைமுழக்கம்:
(படம் இணைக்கப்பட்டுள்ளது) கண் நன்றாகத் தெரிகிறதா? பின்பக்கம், இரண்டாவது வரி. ‘சோனிக் டைட்டன்’. இப்போது எல்லோரும் வாயை மூடிக்கொள்ளலாம்.

ஃபஸ் பெடல்:
நன்றி அண்ணே. ஒரு விஷயம். அந்த மேடைப் பதிவு 9 நிமிடச் சொச்சம். புதுசில் 12 நிமிடச் சொச்சம். ஆக, எப்படிப் பார்த்தாலும் மூன்று நிமிடம் புதுசு.

பாறைமுழக்கம்:
அப்படியானால் அந்த மூன்று நிமிடத்துக்கு மட்டும் ஓட்டுப் போடுங்கள்.

புகைமண்டலம்:
படத்தில் சிடி உறையின் மூலையில் விலைச்சீட்டு தெரிகிறதே, ரூபாயில் இருக்கிறது. சான் ஹோசேயில் எப்போதிலிருந்து ரூபாய் செல்லுகிறது?

பாறைமுழக்கம்:
அது வேறு சிடியின் சீட்டு. ஒட்டிக்கொண்டது.

பெங்களூர் பேஸ்:
சித்தி மகன் வாழ்க.

பாறைமுழக்கம்:
சீட்டைப் பற்றிப் பேசாதீர்கள். பாட்டைப் பற்றிப் பேசுங்கள். வருடத்தைப் பற்றிப் பேசுங்கள்.

நீலாம்பரி:
ஓட்டு நிலவரம் பார்த்தேன். ஸ்லீப் 31, மெஸ்ஸா 9. அந்த ஒன்பதில் ஒன்று பாறைமுழக்கம் என்று காட்டுகிறது. மெஸ்ஸாவைப் பற்றி இந்த இழையில் நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லையே ஐயா, கேட்டீர்களா?

பாறைமுழக்கம்:
கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு மாமி ஊருக்குப் போகிறார்.

புகைமண்டலம்:
கேட்காமலே ஓட்டு! இதுதான் ஐயா 420.

பாறைமுழக்கம்:
குறைந்தபட்சம் அது 2018இல் வந்த பாட்டு.

சும்மா வந்தேன்:
நான் இரண்டையும் கேட்டுப் பார்த்தேன். ‘சோனிக் டைட்டன்’ நன்றாக இருக்கிறது. புதுசா அது?